மாண்டிசோரி பலகையைப் பார்த்துப் பணம் கட்டலாமா?

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): எங்கள் பெண்ணுக்கு இரண்டே கால் வயது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி, அவள் பின்னால் ஓட முடியவில்லை. இரண்டு மாண்டிசோரி பள்ளிகள் பார்த்தோம். ஒன்றில் மாடியில் ஏசி அறை, கேமரா, பெரிய டிவி. வருடத்துக்கு 48,000 ரூபாய். இன்னொன்று தோட்டத்தோடு ஓட்டு வீடு, 30,000. எது உண்மையான மாண்டிசோரி?

பதில்: பலகையை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை தன் கையால் செய்து, தன் வேகத்தில் கற்கிற இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதனால் நம் ஊரில் நல்ல பயிற்சி பெற்றவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சில வாரங்களில் ஆன்லைனில் வாங்கிய சான்றிதழும் சுவரில் அதே மாதிரிச் சட்டத்தில்தான் தொங்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி தனி. டீச்சரிடம் அதைக் கேளுங்கள்.

அப்புறம், ஒரு காலைப் பொழுது ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நீங்கள் வாங்கப்போவது அந்தப் பொழுதைத்தான். கட்டிடம் சுற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிற பள்ளியை நான் நம்ப மாட்டேன்.

பிள்ளை வந்ததும் செருப்பைத் தானே கழற்றி வைக்கிறதா, ஆயா கழற்றிவிடுகிறாரா? அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? ஒரு பிள்ளை சின்னச் செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும், இன்னொன்று கரண்டியால் பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதுக்கு மாற்றும், ஒன்று சும்மா வேடிக்கை பார்க்கும். இதெல்லாம் சரிதான். தண்ணீர் கொட்டினால் யார் துடைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிள்ளையே துணி எடுத்து வருகிறது, டீச்சர் முகம் சுளிக்கவில்லை என்றால் பாதித் தேர்வு முடிந்தது. இரண்டு வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஏ, பி, சி கத்தச் சொன்னால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது மாண்டிசோரி இல்லை.

டீச்சரைவிட ஆயாவை அதிகம் கவனியுங்கள் என்பது என் கட்சி. உங்கள் பெண்ணைக் கழுவிவிடப்போவது அவர்தான். ஜட்டியை நனைத்துவிட்டால் என்ன சொல்கிறார்? குட்டை டாய்லெட் இருக்கிறதா, டயபரோடு நாள் முழுக்க விடுகிறார்களா? தயிர் சாதத்தைச் சிந்திச் சிதறித் தானே சாப்பிட விடுகிறார்களா, டிவி போட்டு ஊட்டுகிறார்களா? இரண்டு வயதில் ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. அந்த ஒரு மணி நேரமும் வீட்டிலேயே தீர்ந்துவிடும். பள்ளியில் பெரிய டிவி எதற்கு? முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை கொடுத்தால் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. அதையும் கேளுங்கள். மதியம் தூங்க இடம், கரண்ட் போனால் ஃபேனுக்கு இன்வெர்ட்டர், கொசுவலை: நம் பக்கத்தில் மூன்றும் வேண்டும்.

ஓட்டு வீடு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். சமையல் எங்கே நடக்கிறது, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். இரண்டாவது வாசல் பூட்டாமல் இருக்க வேண்டும். தோட்டத்தை ஒட்டி வாய்க்கால், குளம், மூடாத கிணறு இருந்தால் வேலி கட்டாயம். மேட்டூர் திறந்தபின் காய்ந்த வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும். இந்த வயதுக்கு மாடி வகுப்பு எனக்குப் பிடிக்காது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வேலியும் வாசலும் சரியாக இருக்கும்பட்சத்தில் என் ஓட்டு ஓட்டு வீட்டுக்கே.

கேள்வி (திருவாரூர் வாசகர்): வீட்டிலும் பழக என்று 6,500 ரூபாய்க்கு மாண்டிசோரி கிட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் இருக்கும் பத்துக் கட்டை இளஞ்சிவப்புக் கோபுரம் போன்றவை வகுப்பறைக்கு உரியவை. கும்பகோணம் பாத்திரக் கடையில் ஒரு குட்டிச் செம்பு, சின்ன டம்ளர். வீட்டில் ஒரு கைத்துடைப்பம், பழைய பருத்தித் துணி. போதும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தேடுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகி): முழு வருடக் கட்டணமும் கட்டினோம். பையன் தினமும் அழுததால் மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டோம். பணம் திரும்பாது என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம். கல்வி நிறுவனங்கள் தருவது நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவை ஆகாது என்று 2010, 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. பள்ளி தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும். முதலில் சேர்க்கைப் படிவத்தில் கட்டணம் திருப்புவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பிறகு, நடக்காத மாதங்களுக்கான பணத்தை மட்டும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதற்குச் செலவு இல்லை.

அழுகையைப் பற்றி ஒன்று. முதல் சில வாரங்கள் அழுவது சகஜம். அவன் பார்க்காதபோது நழுவிப் போகாமல், சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடுவது நல்லது. அடுத்த முறை சேர்க்கும்போது முதல் வாரம் பெற்றோர் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். பருவத்துக்குப் பருவம்தான் கட்டுவேன் என்றும் சொல்லிப் பாருங்கள்.