வேதிச் சமன்பாட்டை எவ்வளவு போட்டாலும் கணக்கு உதைக்கிறது. எனக்கு வேதியியல் வரவே வராதா?

வரும். பத்தாம் வகுப்பு என்கிறீர்கள். இடப்பக்கத்தைச் சரி செய்தால் வலப்பக்கம் கெடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: "எண்ணைப் போட்டுப் போட்டுப் பார், ஏதாவது ஒன்றில் சரியாகிவிடும்." இதைப் போய் முறை என்று சொல்வதுதான் எனக்கு எரிச்சல். எந்தத் தனிமத்தை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு ஒதுக்குவது என்று ஒரு வரிசை இருக்கிறது. அது தெரியாதவருக்கு எவ்வளவு மூளை இருந்தாலும் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.

குறியீடுகளுக்குப் பதிலாகப் பெயர்களைத்தான் எழுதுகிறேன். போனில் தட்டினால் கீழே இறங்க வேண்டிய சின்ன எண் சரியாக இறங்காது, பாதித் தப்பு நடப்பதே அந்தச் சின்ன எண்ணில்தான். பக்கத்தில் நோட்டு வைத்து, ஒவ்வொரு பொருளின் வேதி வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டே படியுங்கள்.

பலர் சமன்படுத்த, அதாவது ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வரும்படி செய்ய, தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறார்கள், ஏனென்றால் வாய்ப்பாடே தப்பு. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்வதை எடுங்கள். அலுமினியத்தின் இணைதிறன் (ஓர் அணு எத்தனை பிணைப்பு போடும் என்ற எண்) 3, ஆக்சிஜனுக்கு 2. ஆகவே அலுமினியம் ஆக்சைடில் 2 அலுமினியம், 3 ஆக்சிஜன். இதைக் கவனிக்காமல் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிவிட்டால் 2, 1, 2 என்று கெழுக்கள் (வாய்ப்பாட்டுக்கு முன்னால் போடும் எண்கள்) அழகாகப் பொருந்திவிடும், மதிப்பெண்தான் பூஜ்யம். சரியான விடை 4 அலுமினியம், 3 ஆக்சிஜன் மூலக்கூறு, 2 அலுமினியம் ஆக்சைடு. அதே மாதிரி ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனியாக வந்தால் இரண்டு அணுவாகத்தான் வரும். சேர்மத்துக்குள் வரும்போது இந்த விதி கிடையாது.

அடுத்தது, கீழே இருக்கும் எண்ணில் கை வைக்கக் கூடாது. நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்று கீழே 2 போட்டால் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னால் நிற்கும் கெழுவை மட்டும்தான் மாற்றலாம், அந்தக் கெழு வாய்ப்பாடு முழுவதையும் பெருக்கும். அடைப்புக்குறி இருந்தால் அதன் வெளியே உள்ள எண் உள்ளே இருப்பதையெல்லாம் பெருக்கும். அலுமினியம் சல்ஃபேட்டில் 2 அலுமினியம், 3 சல்ஃபர், 12 ஆக்சிஜன். இங்கே 4 ஆக்சிஜன் என்று எண்ணிவிட்டு விடிய விடிய உட்கார்ந்தாலும் சமன் ஆகாது.

இப்போது வரிசை. இருப்பதிலேயே சிக்கலான வாய்ப்பாட்டைப் பிடியுங்கள். அதில், ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் வரும் தனிமம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாக அது உலோகமாக இருக்கும். பிறகு மற்ற அலோகங்கள், பிறகு ஹைட்ரஜன், அதன் பின் ஆக்சிஜன். தனிமமாகவே நிற்கும் பொருளை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். காரணம் எளிது. ஆக்சிஜன் வாயுவின் கெழுவை மாற்றினால் ஆக்சிஜன் கணக்கு மட்டுமே மாறும். நீரின் கெழுவை மாற்றினால் ஹைட்ரஜனும் கூடவே நகரும். "ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் கெடுகிறது" என்று நீங்கள் எழுதியது, கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொட்டதால்தான்.

சூடான இரும்பின் மேல் நீராவி போகும் வினையைப் போட்டுப் பாருங்கள். விளையும் இரும்பு ஆக்சைடில் 3 இரும்பு, 4 ஆக்சிஜன். அதை 1 என்று வையுங்கள். இரும்பு 3. நான்கு ஆக்சிஜன் வேண்டும், ஆகவே நீர் 4. ஹைட்ரஜன் இங்கே தனிமமாகவே வெளியே வருகிறது, அதனால் அது கடைசி: எட்டு ஹைட்ரஜன் உள்ளே வந்திருக்கிறது, ஆகவே ஹைட்ரஜன் வாயு 4. முடிந்தது, எதையும் திரும்ப மாற்ற வேண்டியதில்லை.

ஒற்றைப்படை எண் வந்தால் பயப்படாமல் அரை போடுங்கள். இரும்பு பைரைட்டைக் காற்றில் வறுத்தால் இரும்பு ஆக்சைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் வரும். பைரைட்டில் 1 இரும்பு, 2 சல்ஃபர். இந்த ஆக்சைடில் 2 இரும்பு, 3 ஆக்சிஜன். ஆக்சைடை 1 என்று வைத்தால் பைரைட் 2, சல்ஃபர் டை ஆக்சைடு 4. வலப்பக்கம் ஆக்சிஜன் 3 + 8 = 11. அப்படியென்றால் ஆக்சிஜன் மூலக்கூறு ஐந்தரை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் 4 பைரைட், 11 ஆக்சிஜன், 2 இரும்பு ஆக்சைடு, 8 சல்ஃபர் டை ஆக்சைடு. வீட்டு சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் (4 கார்பன், 10 ஹைட்ரஜன்) எரிவதும் இதே கதைதான். ஆறரை ஆக்சிஜன் வரும், இரட்டித்தால் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர். "பின்னம் போட்டால் மதிப்பெண் போய்விடும்" என்று சிலர் மிரட்டுவார்கள். நடுவில் போடுவதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது. இறுதி விடையை மட்டும் முழு எண்ணில், பொது வகுத்தி இல்லாமல் எழுதுங்கள்.

சல்ஃபேட், நைட்ரேட் போன்ற தொகுதி இரு பக்கமும் உடையாமல் வந்தால் அதை ஒரே பொருளாக எண்ணலாம். அலுமினியம் சல்ஃபேட்டும் பேரியம் நைட்ரேட்டும் சேர்ந்து பேரியம் சல்ஃபேட்டும் அலுமினியம் நைட்ரேட்டும் தரும் வினையில் 3 சல்ஃபேட், 6 நைட்ரேட் என்று எண்ணினால் 1, 3, 3, 2 என்று உடனே வந்துவிடும். ஆனால் இதே குறுக்குவழிதான் அடுத்த வகுப்பில் ஆளைக் கவிழ்க்கிறது. தாமிரத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கொஞ்சம் நைட்ரேட் அப்படியே தாமிர நைட்ரேட்டாகிறது, கொஞ்சம் உடைந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது. இங்கே நைட்ரேட்டை மொத்தமாக எண்ணினால் தேர முடியாது.

இதற்கு எலக்ட்ரான் கணக்கு வேண்டும். தாமிரம் 2 எலக்ட்ரானை விடுகிறது. நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +5 இலிருந்து +2க்கு இறங்குகிறது, அதாவது 3 எலக்ட்ரானை வாங்குகிறது. இரண்டுக்கும் பொதுவாக 6. ஆகவே 3 தாமிரம், 2 நைட்ரிக் ஆக்சைடு. மூன்று தாமிர நைட்ரேட்டுக்கு இன்னும் 6 நைட்ரேட் வேண்டும், மொத்த அமிலம் 8. எட்டு ஹைட்ரஜனுக்கு நீர் 4. கடைசியில் ஆக்சிஜனை எண்ணிச் சரிபாருங்கள்: இடப்பக்கம் 24, வலப்பக்கம் 18 + 2 + 4 = 24.

"இவ்வளவு எதற்கு, அ, ஆ, இ என்று கெழு வைத்து அல்ஜீப்ராவில் போட்டால் தானே வந்துவிடும்" என்று யாராவது கீழே வருவார்கள். வரும், மறுக்கவில்லை. மேலே உள்ள தாமிர வினைக்குக்கூட வரும், நேரம்தான் கூடுதல். ஆனால் அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு ஹைட்ரஜன் பெராக்சைடு வினைபுரிவதை அப்படிப் போட்டுப் பாருங்கள். பெர்மாங்கனேட் 2, சல்ஃப்யூரிக் அமிலம் 3, பொட்டாசியம் சல்ஃபேட் 1, மாங்கனீஸ் சல்ஃபேட் 2 என்று வைத்துக்கொண்டால், பெராக்சைடு 1, நீர் 4, ஆக்சிஜன் 3 என்றாலும் அணுக்கள் பொருந்தும். 3, 6, 4 என்றாலும் பொருந்தும். 5, 8, 5 என்றாலும் பொருந்தும். பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் உடையக்கூடியது என்பதால், அந்தச் சிதைவை எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு அசையாது. இதில் சரியானது 5, 8, 5 மட்டும்தான். இரண்டு பெர்மாங்கனேட் 10 எலக்ட்ரான் வாங்கும், ஒரு பெராக்சைடு கொடுப்பது 2. அல்ஜீப்ராவுக்கு இது தெரியாது. விடையை மட்டும் துப்பும் செயலிகளை நம்புகிறவர்கள் இந்த ஒன்றை அதில் போட்டுப் பார்க்கலாம்.

அயனிச் சமன்பாடாக இருந்தால் மின்சுமையையும் எண்ண வேண்டும். சர்க்யூட் போர்டில் வேண்டாத தாமிரத்தை பெர்ரிக் குளோரைடு கரைசல் அரித்து எடுக்கிறது. இங்கே ஒரு பெர்ரிக் அயனி (+3 இரும்பு), ஒரு தாமிரம், அங்கே ஒரு பெர்ரஸ் (+2 இரும்பு), ஒரு குப்ரிக் (+2 தாமிரம்) என்று எழுதினால் அணுக்கள் சரி. மின்சுமை இங்கே +3, அங்கே +4. பெர்ரிக்கையும் பெர்ரஸையும் இரண்டாக்கினால் இரு பக்கமும் +6.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பிளஸ் டூவில் கரைசலை அளந்து ஊற்றும் பிப்பெட், பியூரெட்டோடு நிற்கும்போது இதுதான் தேவைப்படும். பெர்மாங்கனேட் அயனி ஒன்றுக்கு 5 பெர்ரஸ் அயனி, 8 ஹைட்ரஜன் அயனி. அந்த 8 இருப்பதால்தான் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் தாராளமாக ஊற்றச் சொல்கிறார்கள். அமிலம் போதாவிட்டால் குடுவையில் பழுப்பாக மாங்கனீஸ் டை ஆக்சைடு வரும். அப்போது ஒரு பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரானுக்குப் பதில் 3தான் வாங்குகிறது, அதனால் பியூரெட்டிலிருந்து ஊற்றும் பெர்மாங்கனேட்டின் அளவு ஏறிப்போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் தாக்கி குளோரின் ஆக்கும், அளவு அப்போதும் ஏறும். ஆனால் பல ஆய்வகங்களில் இதைக் கண்ணால் பார்க்கவே வாய்ப்பில்லை. எத்தனை மில்லி வரும் என்று முன்கூட்டியே காதில் விழுந்துவிடுகிறது, அதற்கேற்ப மூன்று அளவீட்டையும் எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பு குறைவுதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சிக்கு இரும்பு–நீராவி, பியூட்டேன், பைரைட் மூன்றையும் விடை பார்க்காமல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தத் தனிமத்தை எந்த வரிசையில் தொட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். மாட்டினால் கெழுவை அழித்து அழித்துப் போடாமல் வாய்ப்பாட்டுக்குப் போய் இணைதிறனை மறுபடி பாருங்கள். பிறகும் வரவில்லையென்றால் எந்த வரியில் நின்றது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், பார்க்கிறேன். முழு வீட்டுப்பாடத்தையும் போட்டோ எடுத்து ஒட்ட வேண்டாம்.