மகனுக்கு இப்போது ஸ்போக்கன் கிளாஸ் வேண்டாம்

அக்கா, மகன் ஏ.எல் கொமர்ஸ் முடித்துவிட்டு வங்கிப் பயிலுநர் நேர்முகத்துக்குப் போகப் போகிறான், இங்கிலீஷில் தடுமாறுகிறான், வெள்ளவத்தையில் எந்தக் கிளாஸில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதிலும் சேர்க்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய அவனுடைய விண்ணப்பக் கடிதத்தை வாசித்தேன். அவனுக்குச் சொல் பஞ்சமே இல்லை, பார்க்க ஒன்றுபோல இருக்கிற வினைச்சொற்களில்தான் இடறுகிறான்.

'ஐ கேன் அடொப்ட் டு எனி என்வயர்ன்மென்ட்' என்று எழுதியிருக்கிறான். அடொப்ட் என்றால் தத்தெடுப்பது, இல்லையென்றால் ஒரு முறையை அப்படியே ஏற்றுக்கொள்வது. சூழலுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்வது அடப்ட். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடாமல் விட்டிருக்கும்.

அடுத்தது ரைஸ் (rise), ரெய்ஸ் (raise). தானாக உயர்வது ரைஸ், ஒன்றை உயர்த்துவது ரெய்ஸ். வங்கி வேலைக்குப் போகிறவனுக்கு இது கட்டாயம் வேண்டும். இதற்குப் புது இலக்கணம் ஒன்றும் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் படித்த தன்வினை பிறவினை போதும். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எதை உயர்த்தியது என்று கேட்டால் வட்டி வீதத்தை என்று பதில் வருகிறதல்லவா, அப்படியானால் ரெய்ஸ்ட். அதே வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம்வரை உயர்ந்தது. எதை உயர்ந்தது என்று கேட்கவே முடியாது, ஆகவே ரைஸ், அதன் இறந்தகாலம் ரோஸ். பேப்பரில் வர்த்தகப் பக்கத்தை எடுத்து, தினமும் இப்படி 'எதை?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்ச நாளில் வாயில் தானாக வரும்.

லை (lie), லே (lay) என்ற சோடியும் இதே வகைதான், ஒன்று கிடப்பது, மற்றது கிடத்துவது. ஆனால் லை என்பதன் இறந்தகாலமும் லே என்றே வந்து தொலைக்கும், மற்றதற்கு லெய்ட். வெள்ளைக்காரரே தடுமாறுகிற இடம் அது, அதற்காக அவன் நித்திரையைக் கெடுக்க வேண்டாம், லே வர வேண்டிய இடத்தில் 'புட்' (put, வைப்பது) என்று சொல்லித் தப்பிக்கலாம்.

பாரோ, லெண்ட் மட்டும் மாறவே கூடாது. வங்கி வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்பது லெண்ட், அவர் வாங்குவது பாரோ. இதை மாற்றிச் சொன்னால் இங்கிலீஷ் மட்டுமில்லை, வங்கி என்ன செய்கிறது என்பதே இவனுக்குத் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, கடிதத்தை இன்றைக்கே திருத்தி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவனே திருத்தட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.