குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தவர் வண்டி மோதி இறந்தால் தவறு அவருடையதுதானே? இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். குடித்திருந்தார் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மனுவை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த "தானே"வுக்காக. நீங்கள் இறந்தவர் வீட்டு ஆள் என்றும், துக்கம் கேட்க வந்த யாரோ இப்படிச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

என் அப்பா கொத்தனார். 2018 ஆடி மாதம் இறந்தபோது வயது 52. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. இரவு எட்டேகால் இருக்கும். கடையில் குடித்துவிட்டுத் திரும்பியவர் நடுத்திட்டைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் இறங்கியிருக்கிறார். சரக்கு வேன் ஒன்று அடித்துவிட்டது. 108 வருவதற்குள் உயிர் போய்விட்டது. கையில் தங்கைக்கு வாங்கிய பரோட்டா பொட்டலம் இருந்தது.

அவர் ஏன் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு மதுக்கடை எங்கள் பக்கத்திலேயே, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோன வழக்கில், நெடுஞ்சாலை ஓரம் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 20,000 பேர் வரை உள்ள ஊர்களில் 220 மீட்டர் என்று பிறகு குறைத்தார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடினார்கள். எங்கள் ஊர்க் கடையும் மூடியது. மூன்றே மாதத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் திறந்தது. வண்டி ஓட்டுபவர்கள் குடிக்கக் கூடாது என்று வந்த தீர்ப்பு அது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்துபோய்க் குடிப்பவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அதுவரை ரோட்டில் கால் வைக்காமல் வீடு திரும்பியவர்கள் எல்லாம் இருட்டில் நான்கு வழியையும் தாண்ட வேண்டியதாயிற்று. முறையாகக் கடக்கும் இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மேம்பாலம் கிடையாது, விளக்கும் கிடையாது.

குடியை நியாயப்படுத்துகிறான் என்று கருத்து எழுத வருபவர்களுக்கு: நான் குடித்ததே இல்லை. அப்பா குடியால் அம்மா பட்ட பாட்டை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். போதையில் இருப்பவருக்கு வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க முடியாது, பாதி ரோட்டில் தயங்கி நிற்பார். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. அந்த இருட்டில் குடிக்காதவருக்கே அதைக் கணிப்பது கஷ்டம். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு அதே இடத்தில் ஆடு ஓட்டிவந்த ஒரு பாட்டி அடிபட்டுச் செத்தார். அவர் என்ன குடித்திருந்தார்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இத்தனை பேரும் போதையில் விழுந்தவர்களா?

சரி, வழக்குக்கு வருகிறேன். மறுநாள் காலை பெரியப்பாதான் ஸ்டேஷனுக்குப் போனார். புகாரை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால்தான் போஸ்ட்மார்ட்டம் என்றதும் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டார். "என் தம்பி குடிபோதையில் திடீரெனக் குறுக்கே ஓடியதால்" என்று அதில் இருந்தது. பெரியப்பா அந்த நேரத்தில் ரோட்டிலேயே இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று வருடம் எங்களை அலைய வைத்தது. இழப்பீட்டில் பாதியைக் குறைக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

எங்கள் வக்கீல் நல்ல மனுஷி. அவர் எனக்குப் புரியவைத்தது இது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு ஓட்டுபவருக்குத்தான். நடப்பவருக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. பொது இடத்தில் போதையில் இருப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் அது வேறு குற்றம். விபத்துக்கு அந்தப் போதைதான் காரணம் என்று இன்சூரன்ஸ்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில், விதியை மீறினார்கள் என்பதாலேயே இழப்பீட்டைக் குறைக்க முடியாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கையில் எத்தில் ஆல்கஹால் இருந்தது என்று மட்டும் இருந்தது, எவ்வளவு என்று இல்லை. விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் பிரேக் பிடித்த தடம் எதுவும் குறிக்கப்படவில்லை. உடல் கிடந்தது நடுத்திட்டிலிருந்து ஒரு வழியைத் தாண்டி, இரண்டாவது வழியின் ஓரத்தில். "திடீரென" குறுக்கே வந்தவர் அவ்வளவு தூரம் எப்படி வந்திருப்பார் என்று வேன் ஓட்டுநரிடம் கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

அம்மாவைக் கூண்டில் ஏற்றிய நாளை மறக்க முடியாது. "உங்க வீட்டுக்காரர் தினமும் குடிப்பாரா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பொய் சொல்லும்படி யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். "வேலைக்குப் போற நாளெல்லாம் குடிப்பாருங்க. ஆனா தினமும் வூட்டுக்கு வந்துடுவாருங்க" என்றார். கோர்ட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தீர்ப்பில் 25 சதவீதம் அப்பா தவறு என்று கழித்தார்கள். தினம் 800 ரூபாய் கூலி வாங்கியவருக்கு ரசீது இல்லை என்று மாத வருமானம் 9,000 என்று வைத்தார்கள். 52 வயதுக்கு, ஒரு வருட இழப்பை 11-ஆல் பெருக்கும் கணக்கு. எல்லாம் போக ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அந்த 25 சதவீதத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மேல்முறையீட்டுக்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வாரிசுச் சான்றிதழில்தான். கேள்விக்கு வெளியே போகிறேன், தெரியும். ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ரேஷன் கார்டில் எல்லார் பெயரும் இருக்கிறது. அதற்கு ஐந்து மாதம்! அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த எழுத்தை மாற்றி எழுதியதே அவர்கள் அலுவலகம். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு நாள் வேலையை விட்டுப் போனேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். எஃப்.ஐ.ஆர். நகல், பார்வை மகஜர், வரைபடம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வண்டியைச் சோதித்த ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். புகாரில் யாராவது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லுங்கள். எங்கள் காலத்தில் கெடு இல்லை. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது, அதனால் கருமாதி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். யார் மீதும் தவறை நிரூபிக்காமலே ஐந்து லட்சம் கேட்கும் வழியும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இப்போது இருக்கிறது. இரண்டில் எது உங்களுக்கு நல்லது என்று வக்கீலிடம் கேளுங்கள். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் தனித் திட்டத்தில் இரண்டு லட்சம் கிடைக்கும்.

உங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்று கருத்தில் போடுங்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் போடுங்கள்.