ஆற்றோரம் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் பணி ஓய்வு பெற்ற என் அப்பாவும் நானும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிராமச் சாலைகளில் ஒரு நாள் சைக்கிளில் சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறோம். 40 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது அப்பாவின் நிபந்தனை. என்னுடன் சைக்கிள் ஓட்டும் நண்பர்களோ, 100 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அதைப் பயணம் என்றே சொல்லக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா? ஆறு ஓடும் திசையிலேயே போனால் இறக்கமாக இருக்கும், களைப்பு தெரியாது என்று நினைக்கிறேன். அப்பா என்னைவிட மெதுவாக மிதிப்பவர் என்பதும் ஒரு கவலை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா கேட்டிருப்பது மிகச் சரியான தூரம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே மிதிக்க வேண்டியிருக்கும். பகலில் மிச்சமிருப்பதெல்லாம் நிற்பதற்கும் பார்ப்பதற்கும் உரிய நேரம். அதே தூரத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 40 நிமிடம் மிச்சமாகும். ஆனால் காற்றைப் பிளந்து செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு (வேகத்தை அதனாலேயே இரு முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்ப உயர்வதால், அந்த 40 நிமிடத்துக்காக உடல் அந்தக் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேலாக உழைக்க வேண்டும். ஆற்றோரம் போகிறவர்களுக்கு இது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் நண்பர்களுக்கு மறுமொழியாக, பால் த விவியை அவர்களுக்கு நினைவூட்டலாம். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய இந்தப் பிரெஞ்சுக்காரர் (1853–1930), சைக்கிளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். இரவும் பகலுமாக மிக நீண்ட தூரங்களை ஓட்டியவர். பயணிகளுக்கு அவர் வகுத்த விதிகளில் பசிக்கும் முன்பே உண்பதும் தாகம் எடுக்கும் முன்பே நீர் அருந்துவதும் இருக்கின்றன. வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டியே பெயர் பெற்ற ஒருவர் இதைச் சொன்னார் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

திசையைப் பற்றி நீங்கள் நினைப்பதைத்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் சமவெளியை நெருங்கிவிட்ட ஆற்றின் சரிவு மிகச் சிறியது. டான்யூப் கரையில் பலரும் விரும்பிச் செல்லும் சைக்கிள் பாதை ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அவ்வளவு தூரத்திலும் ஆறு இறங்குவது 150 மீட்டருக்கும் குறைவு, அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் கூட இல்லை. கால்கள் அதை உணரவே உணரா. அங்கே பெரும்பாலானோர் மேற்கிலிருந்து கிழக்காகப் போவதற்குச் சரிவைவிட அப்பகுதியில் மிகுதியாக வீசும் மேற்குக் காற்றே வலுவான காரணம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை அதே வேகத்தில் எதிர்காற்று தாக்கினால், அவர் மீதான காற்றுத்தடை நான்கு மடங்காகிறது. ஆகவே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முன், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கானால் காற்றே ஒரு நேர அட்டவணையின்படி நடந்துகொள்ளும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கி இறங்கும்; வானம் தெளிந்த நாளில், வெயில் ஏறிச் சரிவுகள் சூடான பிறகு அது திசை மாறி, பிற்பகலில் மேல்நோக்கி வலுவாக வீசும். விடியற்காலையில் ஆற்றோடு இறங்கி, பிற்பகலில் அதே வழியே திரும்புகிறவருக்குப் போகும்போதும் வரும்போதும் பின்காற்று கிடைக்கக்கூடும். அகன்ற சமவெளியில் இந்த வசதி இல்லை. அங்கே உடலில் தெம்பு இருக்கும் காலையிலேயே எதிர்காற்றை முடித்துவிட்டு, திரும்பும் வழியைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்துச் செல்லுங்கள்: ஆறு சமமாக ஓடினாலும் ஆற்றோரச் சாலை சமமாக இருப்பதில்லை. கரையோர மரங்களை நின்று கவனித்தால், தலைக்கு மேலுள்ள கிளைகளில் காய்ந்த புல்லும் கந்தல் துணியும் சுற்றிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காணலாம். கடைசியாக வந்த பெருவெள்ளம் எட்டிய உயரம் அது. அந்த உயரத்துக்கு அஞ்சியே ஊர்களும் சாலைகளும் பல இடங்களில் மேட்டு நிலத்துக்கு ஒதுங்கியிருக்கின்றன. ஒவ்வொரு சிற்றாறும் வந்து சேரும் இடத்தில் சாலை இறங்கி, பாலத்தைக் கடந்து, மீண்டும் ஏறும். ஆறு மலையிடுக்கில் புகும் இடத்தில் சாலை அதைக் கைவிட்டு மேட்டைச் சுற்றிப் போகும். ஆற்றையே ஒட்டிச் செல்லும் பழைய இழுவைப் பாதையோ கைவிடப்பட்ட ரயில் பாதையோ கிடைத்தால் தயங்காமல் அதில் இறங்கிவிடுங்கள். முன்னது படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்களும் குதிரைகளும் நடந்த தடம். பின்னது செங்குத்தாக ஏற முடியாத வண்டிகளுக்காக மெல்லிய சரிவில் அமைக்கப்பட்டது. இரண்டிலும் முழங்கால்களுக்கு வேலை குறைவு.

எங்கே நிற்பது என்றும் முன்பே யோசித்து வைக்கலாம். வளைவுகளில் நில்லுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடிக் கரையை அரிக்கும். மண்சுவர்போல் நிற்கும் அந்தக் கரையில் மீன்கொத்தியின் வளைகளைத் தேடலாம். உட்புறத்தில் வேகம் தணிந்து மணல் படியும். அமர்ந்து உண்ண அதுவே நல்ல இடம். காரில் போகிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது, நடந்து போகிறவரால் ஒரே நாளில் இத்தனை வளைவுகளைப் பார்க்க முடியாது. சைக்கிளின் வேகம் இதற்கென்றே அமைந்ததுபோல் எனக்குப் படுகிறது.

அப்பாவின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அவரை முன்னால் விடுங்கள். மெதுவாகச் செல்பவர் பின்னால் வந்தால் எட்டிப் பிடிக்கவே நாள் முழுவதும் முயல்வார். நீங்கள் காத்திருந்து ஓய்வெடுத்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. எதிர்காற்று வீசும் பகுதியில் மட்டும் நீங்கள் முன்னே சென்று அவருக்குக் காற்றை மறைத்துக்கொடுங்கள், ஆனால் அவருடைய வேகத்திலேயே செல்லுங்கள். கிளம்பும் முன் அவருடைய இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால், 40 கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்