தெரு உயர்ந்துவிட்டது, கார் ஷெட்டுக்குள் மழைநீர் வராமல் தடுப்பது எப்படி?

சென்னையில் இதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதுதான். சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். சரி, ஏற்கெனவே ஏறிய உயரத்துக்கு என்ன செய்வது?

கேட்டுக்கு அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு கான்கிரீட் மேடு கட்டுங்கள். இரு பக்கமும் நீளமான சரிவு வேண்டும், இல்லையென்றால் காரின் அடிப்பாகம் தட்டும். அதைத் தாண்டி வருவதைப் பிடிக்க, உட்புறம் வாசலின் முழு அகலத்துக்கும் அரை அடி அகலக் கால்வாய் வெட்டி, கார் ஏறினாலும் தாங்கும் இரும்புக் கிராதி போடுங்கள். கிராதி கழற்றும்படி இருக்கட்டும், வண்டல் அள்ள வேண்டியிருக்கும். கால்வாயின் அடிப்பகுதிக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் போதும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். தெரு உயரமாக இருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் தானாக வெளியே போகாது. வண்டல் தொட்டி வழியாக உறிஞ்சு கிணற்றுக்கு விடலாம். களிமண் நிலமென்றால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். சிறு குழி எடுத்து, மிதவை சுவிட்ச் உள்ள (தண்ணீர் ஏறினால் தானாக ஓடும்) பம்ப் வைப்பதே நல்லது. தெரு வடிகாலில் குழாயை இணைத்தால் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் அந்த வழியாகவே சாக்கடை உள்ளே வரும்.

ஷட்டருக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை சாரலுக்குத்தான் உதவும், தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அல்ல.

அப்புறம், சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி அங்கேயே தரைமட்டத்தில் இருந்தால் முதலில் அதன் விளிம்பை உயர்த்துங்கள்.