இங்கிலாந்தில் 100 வயதானால் அரசரிடமிருந்து வாழ்த்து வருமா?

வரும். 100-வது பிறந்தநாளுக்கு ஒன்று, 105-க்கு ஒன்று, அப்புறம் ஆண்டுதோறும். 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் தந்தியாகத் தொடங்கிய வழக்கம் இது. இப்போது அட்டையாகத் தபாலில் வருகிறது.

அரண்மனைக்கு எப்படித் தெரியும்? அரசு ஓய்வூதியம் வாங்குபவரின் பிறந்த தேதி ஓய்வூதியத் துறையின் கையில் இருக்கிறது. அவர்களே சொல்லிவிடுவார்கள். சிக்கல் 60-வது திருமண நாளில்தான். அதற்கும் வாழ்த்து உண்டு, ஆனால் தானாக வராது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு இன்ப அதிர்ச்சி தரலாம் என்று ரகசியமாகத் தொடங்கி, திருமணச் சான்றிதழ் எங்கே என்று கடைசியில் பாட்டியிடமே கேட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு!

கிராமத்துக் கொண்டாட்டம் எளிமையானது. மண்டபம் பெரும்பாலும் ஊர்ப் பொதுக்கூடம்தான். சுவரோரம் அடுக்கியிருக்கும் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு, முந்தைய விழாவில் மிச்சமான முக்கோணக் கொடித் தோரணத்தை மறுபடி கட்டுவார்கள். ஓரம் வெட்டிய சாண்ட்விச், நடுவில் ஜாம் தடவிய விக்டோரியா கேக், பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும் தேநீர்த் தண்ணீர். சாப்பாடு அவ்வளவுதான். நம் விருந்தை நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போய்விடாதீர்கள்.

அரசரின் அட்டை மட்டும் மேசை மேசையாகக் கைமாறும். கேக் கை படாமல் அதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு மகள் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார்.