மாதத்துக்கு ஒரு சுவை

கேள்வி: துபாயிலிருந்து வந்த என் மச்சான் பழைய அமெரிக்க ஐஸ்கிரீம் விளம்பரத் தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். இலையுதிர் காலத்துக்குப் பூசணி, கிறிஸ்துமஸுக்குப் பெப்பர்மின்ட் என்று பருவத்துக்கொரு சுவையாகப் போட்டிருக்கிறார்களே, ஏன்? நம் ஊர் நுங்கிலும் ஐஸ்கிரீம் செய்யலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: 1777 மே மாதத்தில் பிலிப் லென்ஸி என்னும் மிட்டாய் வணிகர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கொடுத்த விளம்பரமே அமெரிக்காவின் முதல் ஐஸ்கிரீம் விளம்பரமாகக் கருதப்படுகிறது. ஐஸ்கிரீம் 'ஏறக்குறைய எல்லா நாளும்' கிடைக்கும் என்பதுதான் அதிலிருந்த கவர்ச்சி. குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிச் சேமித்த பனிக்கட்டியை நம்பிய காலம் அது. நம் சென்னை ஐஸ் ஹவுஸே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-இல் கட்டப்பட்டதுதானே!

இயந்திரக் குளிரூட்டல் பரவியதும் நிலைமை தலைகீழானது. சரக்கு ஆண்டு முழுவதும் இருந்தது. வாங்குவோர் கோடையில்தான் திரண்டார்கள். குளிர்ந்த மாதங்களிலும் கடைக்கு இழுக்க, பண்டிகையோடு சுவையைக் கட்டிப்போடுவது விளம்பரக்காரர்களுக்குக் கைகொடுத்தது. பாஸ்கின்-ராபின்ஸ் நிறுவனம் 1953-இல் மாதத்தின் நாளுக்கொன்றாக 31 சுவைகள் என்று முழங்கியது இதன் உச்சம். சுவையை விட எண்ணிக்கையை விற்ற சாமர்த்தியம் என்பேன்.

நுங்கில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நுங்கு பெரும்பாலும் நீர் என்பதால், துண்டுகளை அப்படியே பாலில் போட்டு உறையவைத்தால் பல்லில் கல்லாக இடறும். முதலில் கெட்டியான சர்க்கரைப் பாகில் சில மணி நேரம் ஊறவைத்துவிட்டுச் சேருங்கள்.